அயல்நாட்டு உயிரினங்களைப் பெருக்கி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் பால் பைத்தான் (Ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு), இகுவானா என்னும் பெரிய பல்லியினம், அயல்நாட்டுக் கிளிகள் ஆகியவற்றை வீட்டில் வளர்த்து, குஞ்சு பொரிக்கவைத்து விற்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

எட்டு ஆண்டுகளாக ஓர் இகுவானாவை வளர்த்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாங்கும்போது அது உள்ளங்கையில் அடங்கியது; கீரை போட்டால் போதும் என்று சொல்லி விற்றார்கள். யுவிபி என்னும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கோ நேரடி வெயிலோ இல்லாவிட்டால் அதன் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, உண்ணும் கால்சியம் எலும்பில் சேராது என்பதை, அதன் கீழ்த்தாடை இரப்பர்போல் வளையத் தொடங்கிய பிறகு கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். இன்று வாலோடு சேர்த்து நான்கடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. தாடை மட்டும் நேராகவே இல்லை.

2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும் நம்மைக் கடமைப்படுத்துகின்றன. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகளும் குரங்குக் குட்டிகளும் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அப்படி வந்த ஒன்றை வீட்டில் பிறந்ததாகப் பதிவு செய்பவர், நேர்மையாகப் பெருக்கும் உங்கள் ஒவ்வொருவரின் பதிவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். அவரிடம் தயவுசெய்து ஜோடி வாங்காதீர்கள்.

ஆனால் பதிவுச் சான்றிதழ் இருப்பதாலேயே ஒரு குட்டி நன்றாகப் பிறந்துவிடுவதில்லை. பால் பைத்தான்களில் ‘ஸ்பைடர்’ என்ற மார்ஃபை, அதாவது நிறமும் கோலமும் மாறிய மரபு வகையை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அழகிய வலைக்கோலத்தைத் தரும் மரபணுவே பாம்பின் உட்செவியையும் பழுதாக்குகிறது. அதனால் அதன் தலை ஆடுகிறது, சிலவற்றில் உடல் திருகி, இரையைக் குறிவைத்துப் பிடிக்கவே இயலாமல் போகிறது. ஸ்பைடர் ஒன்றைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஸ்பைடராகவே வரும். கோலத்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை மட்டும் நீக்க இத்தனை ஆண்டுகளில் எவராலும் முடியவில்லை. ஆட்டம் குறைவாக உள்ளதைத் தேர்ந்து சேர்த்தால் குட்டிகளிலும் குறைவாகவே இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அதே பெற்றோருக்குக் கடுமையாக ஆடும் குட்டியும் பிறக்கக்கூடும். அழகுக்காக நாம் தெரிந்தே ஓர் உயிரின் சமநிலையைக் கெடுப்பதை எந்த விலையும் நியாயப்படுத்தாது என்று உறுதியாக நம்புகிறேன். இந்த மார்ஃபைச் சேர்ப்பதை நிறுத்துங்கள்.

எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள். பால் பைத்தான் ஓர் ஈட்டில் ஆறு முட்டையளவில் இடும். இகுவானாவோ சில டசன் முட்டைகள் இடும். அத்தனை இகுவானாக்களுக்கும் ஆள் உயரக் கூண்டு அமைத்து, பதினைந்து ஆண்டுகள் பராமரிக்கக்கூடிய வீடுகள் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைக்காமல் விடுவதே அந்த உயிர்களுக்குச் செய்யும் நன்மை. பெண் இகுவானா ஆணில்லாமலும் முட்டை கட்டும், புதைக்க மண் கிடைக்காவிட்டால் முட்டைகள் உள்ளேயே தங்கி உயிரைப் பறிக்கலாம் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லுங்கள்.

கிளி வளர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தானாகத் தின்னத் தொடங்காத குஞ்சை, ஊசிக்குழலில் கூழ் ஊட்டினால் நன்கு பழகும் என்று சொல்லி அனுபவமற்றவர் கையில் தராதீர்கள். கூழின் சூடு சற்றுக் கூடினால் தீனிப்பை வெந்துவிடும். மூச்சுக்குழலில் இறங்கினால் குஞ்சு பிழைப்பது அரிது.

வளர்க்க முடியாமல் போனவை எங்கே போகின்றன என்பதற்குச் சென்னையின் ஏரிகளே சான்று. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்ட டேங்க் கிளீனர் மீன்கள் அங்கே பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது: விற்கும் ஒவ்வொரு குட்டியோடும் அதன் பெற்றோர் விவரம், பிறந்த நாள், தின்னும் உணவு, தேவையான வெப்பம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். வாங்கியவரால் எந்த வயதில் வளர்க்க இயலாமல் போனாலும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அதே தாளில் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் ஓர் இகுவானா வளர்ப்பவன்