விருந்து சாப்பிட்டார் என்று யார் சொன்னது?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், 2021-ன் பிரபஞ்ச அழகி ஹர்னாஸ் சந்துவின் 2022 மார்ச் மாத இந்தியப் பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். மும்பை வரவேற்பு, டில்லி ஃபேஷன் வாரம், சண்டிகர் வீடு என்று வரிசையாகப் படங்கள். கடைசியில் இரண்டு படங்களை அருகருகே வைத்து, ஒன்றின் கீழ் டிசம்பர் என்றும் மற்றதின் கீழ் மார்ச் என்றும் குறித்து, "ஊர் ஊராக விருந்து சாப்பிட்டதில் அழகி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் படித்த பிறகு மீதிப் பத்திரிகையை என்னால் திறக்க முடியவில்லை.

அவர் விருந்து சாப்பிட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பெண்ணுக்கு சீலியாக் நோய். மார்ச் மாதக் கடைசியில் சண்டிகரில் நிருபர்களிடம் அவரே சொல்லிவிட்டார். முன்பு ரொம்ப ஒல்லி என்று கேலி செய்தார்கள், இப்போது குண்டு என்று கேலி செய்கிறார்கள், எனக்கு சீலியாக் இருப்பது யாருக்கும் தெரியாது, கோதுமை மாவு என்னால் சாப்பிட முடியாது என்றார். நாடு முழுக்க செய்தியானது அது. ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் வந்து சேரும் உங்கள் மேசைக்கு அது மட்டும் வராமல் போயிருக்காது. வந்தும் அந்த வரியை வைத்தீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

என் மகளுக்கும் அதே நோய்தான். அதனால் அந்த மாதம் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அவர்களுடைய சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற குடல் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரிசையாக வரும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். பத்தியம் இருந்து குடல் தேறிய பிறகு, சாப்பிட்டது உடம்பில் சேர ஆரம்பிக்கும். நிறையப் பேருக்கு எடை ஏறுவது அப்போதுதான். அந்தப் பெண்ணுக்கு எதனால் எடை கூடியது என்று நான் சொல்லப்போவதில்லை, அது அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் உங்களுக்கு மட்டும் காரணம் எப்படித் தெரிந்தது?

பஞ்சாபி வீட்டு வரவேற்பை நினைத்துப் பாருங்கள். ரொட்டி, நான், பராத்தா, சமோசா எல்லாமே கோதுமையும் மைதாவும்தான். மக்காச்சோள ரொட்டி ஒன்று இருக்கிறது, அதைச் சாப்பிடலாம். அதையும் கோதுமை ரொட்டி சுட்ட கல்லிலேயே சுட்டிருந்தால் தொட முடியாது. இஸ்ரேலின் எய்லாட் நகரில் பிரபஞ்ச அழகிப் பட்டம் வாங்கி வந்த மகளுக்கு ஊரே பலகாரத்தட்டை நீட்டும்போது, சிரித்த முகத்தோடு ஒவ்வொருவரிடமும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பஞ்சாப் முதல்வர் பகவந்த் மானை அதே மார்ச் கடைசியில் போய்ப் பார்த்தார். அந்த மாதிரி இடங்களில் தட்டைத் தள்ளிவைத்தால் திமிர் என்பார்கள். எடுத்துச் சாப்பிட்டால் ராத்திரி வயிறு படுத்துகிற பாடு யாருக்கும் தெரியாது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வரவே நாங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போகிறோம். ஒரு மாதம் விமானத்திலும் ஓட்டலிலும் மேடையிலுமாக இருந்த பெண்ணை விருந்து சாப்பிட்டாள் என்று எழுதிவிட்டீர்கள்.

சரி, இதெல்லாம் வடக்கத்தி நோய், நமக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம். என் மகளைப் பார்த்த டாக்டர் ஒருவரும் முதலில் அப்படித்தான் சொன்னார். "அரிசி சாப்பிடுற ஊர்ல இது வராதும்மா" என்று பூச்சி மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். வேலூர் உட்பட நாட்டின் பல பகுதிகளில் ஆராய்ச்சி செய்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த நோய் வடக்கே ஆயிரத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு, தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்கு. பத்தாயிரத்தில் ஒருவர் என்றாலும் நம் மாநிலத்தில் எத்தனை ஆயிரம் வீடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் உங்கள் வாசகர்கள் வீடும் இருக்கும். வடக்கே ஒருத்தர் இல்லாவிட்டால் ஒருத்தருக்காவது இந்த நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. இங்கே ஸ்பெல்லிங் சொல்லி எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அரிசிச் சோறு சாப்பிட்டால் போதும் என்பதும் உண்மை இல்லை. நம் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். அந்தச் சின்ன டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் போட்டிருப்பார்கள், நகத்தால் விலையொட்டியைச் சுரண்டி எடுத்துத்தான் நான் படித்தேன். அதுவரை சாம்பாரிலும் ரசத்திலும் இட்லிப்பொடியிலும் ஊறுகாயிலும் நானே என் பெண்ணுக்குத் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்போடு வாங்கி வந்தது பார்லி மால்ட் கலந்த சத்து பானமும் ரஸ்க்கும். குழந்தை தேறட்டும் என்று அதையும் கரைத்துக் கொடுத்தோம். ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து நோய் இன்னதென்று தெரிவதற்குள் அவள் வகுப்பிலேயே குள்ளமானவள் ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு "எலும்புக்கூடு" என்று பெயர் வைத்தார்கள். பத்தியத்தில் தேறிக் கன்னம் கொஞ்சம் உப்பியதும் அதே வாய்கள், "என்ன, அம்மா ஊட்டி ஊட்டி வளர்க்கிறாங்களா?" என்றன. உங்கள் பக்கத்தை முதலில் படித்தது அவள்தான். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

இதற்கு முன்பும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு என்று ஒரு சமையல் இணைப்பு கொடுத்தீர்கள், அதில் ரவைக் கிச்சடியும் சேமியா உப்புமாவும் இருந்தன. ரவையும் கோதுமைதான், சேமியாவும் கோதுமைதான் என்று மறுநாளே கார்டு போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அதை நம்பி யார் வீட்டில் எந்தக் குழந்தைக்குக் கிளறிக் கொடுத்தார்களோ என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. நடிகை ஒருத்தர் பிள்ளை பெற்று வந்தால் அவர் இடுப்பைப் பற்றி எழுதுவீர்கள். துணுக்குப் பக்கத்தில் குண்டு மனைவி இல்லாத வாரம் உண்டா? 1996-ல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது முன்பக்கத்தில் கலாசாரச் சீரழிவு என்று தலையங்கம், நடுப்பக்கத்தில் அந்தப் பெண்களின் படங்கள். எதிர்ப்பு வலுத்து நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள், அந்தப் படங்களையும் விடாமல் போட்டீர்கள். 2000-ல் லாரா தத்தா பிரபஞ்ச அழகிப் பட்டம் வென்றதும் பாரதத்தின் பெருமை என்றீர்கள். பெருமை என்றாலும் சீரழிவு என்றாலும் அந்தப் பெண்களின் உடம்பைத் தவிர வேறு எதையும் பற்றி நீங்கள் எழுதிப் பார்த்ததில்லை.

இந்த மார்ச்சிலும் அப்படித்தான். மும்பையில் ஒரு நிருபர் அவரிடம் ஹிஜாப் விவகாரத்தைக் கேட்டார். வகுப்பறையில் ஹிஜாபுக்கு விதித்த தடை செல்லும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச் சில நாள்தான் ஆகியிருந்தது. 22 வயதுப் பெண், ஒதுங்கிப் போயிருக்கலாம். ஏன் எப்போதும் பெண்களையே குறிவைக்கிறீர்கள், அவள் எப்படி வாழ விரும்புகிறாளோ அப்படி வாழ விடுங்கள் என்று நேராகப் பதில் சொன்னார். ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஆனால் அந்த மாதத்தில் அதைவிடப் பெரிய செய்தி என்ன இருந்தது? உங்கள் பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை. அவருடைய அம்மா மகப்பேறு மருத்துவர். மாதவிடாய் சுகாதாரம் பற்றி இவர் போகிற இடமெல்லாம் பேசுகிறார். அதுவும் இல்லை. எய்லாட் மேடையில் இறுதிச் சுற்றில் அவரிடம் கேட்ட கேள்வியே, இளம்பெண்கள் இன்றைக்கு எதிர்கொள்ளும் நெருக்கடியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான். மற்றவர்களோடு உங்களை ஒப்பிடுவதை நிறுத்துங்கள் என்று அவர் சொன்ன பதிலுக்குத்தான் கிரீடம் கிடைத்தது. அந்தப் பெண்ணையே அவளுடைய பழைய படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினீர்கள், ஆசிரியர் அவர்களே.

என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை இது. நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் நாலு வரி போடுங்கள். ஹர்னாஸ் சந்துவுக்கு சீலியாக் நோய் இருப்பதையும் அது என்ன நோய் என்பதையும் எழுதுங்கள். காரணம் தெரியாத ரத்தசோகையும் ஓயாத வயிற்றுப்போக்கும் உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை பெற்றவர்கள் தாங்களாகக் கோதுமையை நிறுத்திவிடக்கூடாது, நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ரவைக் கிச்சடிக்கும் அப்படியே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.