கணுக்கால் பட்டைக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் தேய்மானம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூட்டுவலி என்றாலே முழங்காலைத்தான் பேசுகிறோம். கணுக்கால் தேய்ந்தவர்களும் இருக்கிறோம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 1998-இல் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் புரண்டு வலது கணுக்கால் முறிந்தது. தகடு வைத்தார்கள், எலும்பு கூடியது, அதை மறந்தே போனேன். இருபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வலி வந்தது. கணுக்கால் மூட்டு வயதால் மட்டும் தேய்வது குறைவு, பெரும்பாலும் பழைய முறிவோ அடிக்கடி ஏற்பட்ட சுளுக்கோதான் காரணம் என்று அப்போது மருத்துவர் சொன்னார். முடக்குவாதத்தாலும் வரும்.

கணுக்காலைத் தாங்கும் பட்டை வாங்கப் போனபோது, மருந்துக் கடையில் செருப்பு அளவை மட்டும் கேட்டு, இழுத்தால் நீளும் துணியுறை ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அப்படி மூன்று வாங்கினேன். கதகதப்பாக இருந்தது, வீக்கம் சற்று வடிந்தது. ஆனால் கோயில் பிரகாரத்தில் கல் ஏற்றத்தாழ்வாக இருக்கும் இடத்தில் கால் வைத்தால் உயிர் போகும். பட்டையால் பயனில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பாதம் உட்புறமாகச் சாயும்போதுதான் வலிக்கிறது என்று கண்டுபிடித்து, காலைச் சுற்றி அளவெடுத்து, இருபக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்து வெல்க்ரோவால் இறுக்கும் பட்டையை வாங்கச் சொன்னார். பாதம் பக்கவாட்டில் சாய்வதை அது தடுக்கிறது. தேய்ந்த பரப்புகள் ஒன்றோடொன்று உரசுவது குறைகிறது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது என்பதையும் அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் இன்று காய்கறிச் சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறேன். இரண்டு ஆண்டுகளை வீணாக்கிவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் போகவில்லை.

இந்தப் பட்டை செருப்புக்குள் அடங்காது. கயிறு கட்டும் ஷூ வேண்டும். புடவைக்குக் கீழே ஷூ அணியக் கூச்சப்பட்டுப் பட்டையை அலமாரியில் வைத்துவிட்ட பெண்களை நான் அறிவேன். அவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வலியோடு வீட்டுக்குள் முடங்காதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை அணிய வேண்டாம். பட்டை அழுத்திப் புண்ணானாலும் தெரியாது. தினமும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும்.

சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் காலுக்கு அச்செடுத்தே இத்தகைய கருவிகளைச் செய்து தருகிறார்கள். நடக்கவே முடியாதவர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு நாளாவது அளவெடுக்கும் வல்லுநர் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். தங்கள் இதழும் இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்