மேல்மாடிக்கு எத்தனை பாயிண்ட்?

கோவில்பட்டி,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலத்தான் இருக்கிறது. மழை இன்னும் பிடிக்கவில்லை.

புதன்கிழமை இரவு நீ அனுப்பிய செய்தியையும் நான்கு படங்களையும் பார்த்தேன். மூன்று மாதமாக "நன்றாக இருக்கிறோம் அப்பா" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் வராதிருந்த நிலையில், புது இடத்துக்கு எந்த ரூட்டர் வாங்கலாம், கடைக்காரர் சொல்வது சரிதானா என்று நீ என்னைக் கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதித்தான் தெரிவிக்க முடியும். போனில் சொன்னால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும். ஆகவே கடிதமாகவே எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொண்டு கேபிள் இழுக்க வருபவரிடமும் காட்டு.

கீழே அலுவலகம், மேலே வீடு என்று எழுதியிருக்கிறாய். எட்டு ஆன்டெனா வைத்த ஒரே ரூட்டரைக் கீழே மாட்டினால் இரண்டுக்கும் அதுவே போதும் என்று கடைக்காரர் சொல்வதை நீ ஏற்க வேண்டாம். ஆன்டெனாவின் எண்ணிக்கையால் தூரம் கூடிவிடாது. எவ்வளவு சக்தியில் அலை அனுப்பலாம் என்பதற்கு அரசின் வரம்பு இருக்கிறது. அதோடு, ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கைப்பேசி தன் சின்னக் குரலில்தான் பதில் சொல்ல முடியும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து ஓரளவு போகும், ஆனால் தெருவில் உள்ள எல்லா ரூட்டர்களும் அதில்தான் நெருக்கியடிக்கின்றன; ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே உண்டு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது தளர்ந்துவிடும். பெட்டியின் மேல் பெரிதாக 1200 என்று அச்சிட்டிருப்பது, 2.4இல் 300 மெகாபிட், 5இல் 867 மெகாபிட் என்ற இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு கருவிக்கு அந்த வேகம் ஒருநாளும் கிடைக்காது. அப்படி எழுதிய பெட்டிகள் சிலவற்றில் பின்பக்கத்தில் கேபிள் செருகும் போர்ட்டுகள் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காதவை. நீ 300 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டிவிட்டு 100க்குள் அடைபட்டுக் கிடப்பாய். போர்ட்டுகள் எல்லாம் கிகாபிட்தானா, அதாவது 1000 மெகாபிட் தாங்குமா என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய எழுத்தில் பார்த்து வாங்கு.

என் யோசனை இது. ஃபைபர் நிறுவனம் கொடுக்கும் பெட்டி ஒளியை மின்னாக மாற்றும் வேலையை மட்டும் செய்யட்டும். அதை பிரிட்ஜ் மோடில், அதாவது வரும் இணைப்பை அப்படியே அடுத்த பெட்டிக்குக் கடத்தும் நிலையில் போட்டு, வைஃபையை அணைத்துவிடச் சொல். அடுத்து, வைஃபை இல்லாத ரூட்டர் ஒன்று. அதன்பின், இரும்புக் கூடு போட்ட எட்டுப் போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. வைஃபை அலையைப் பரப்பக் கூரையில் மாட்டும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற பெட்டி, கீழே ஒன்று, மேலே தேவைப்படும் அளவு. இவற்றுக்கு வைஃபை 6 தாராளமாகப் போதும். 7 வந்துவிட்டது என்று கூடுதல் விலை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இப்படித் தனித்தனியாக வைத்தால் செலவு சற்றுக் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும், அலுவலகம் முழுவதும் நிற்காது. உன் நான்கு கணினிகளையும் பிரின்டரையும் கட்டாயம் கேபிளிலேயே இணைத்துவிடு. மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் உன் மேசைமுன் வந்து நிற்கிற நாளில் வைஃபையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மேல்மாடிக்கு எத்தனை ஆக்சஸ் பாயிண்ட், எத்தனை கேபிள் பாயிண்ட் என்பதைத்தான் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. மேலே எத்தனை பேர் இருப்பீர்கள் என்று புதன்கிழமையே கேட்டேன். வெள்ளிக்கிழமையும் கேட்டேன். அறைகளின் நீள அகலத்தை அங்குலம் உட்பட எழுதிய நீ, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. பழைய வீட்டில் மாப்பிள்ளையின் வேலைக்குத் தனியாக ஒரு பாயிண்ட் இருந்தது, நான்தான் கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தி, கிரிம்ப் செய்து கொடுத்தேன். அதுபோல இங்கேயும் வேண்டுமா, அல்லது உனக்கும் சின்னவளுக்கும் மட்டும் போதுமா என்று ஒரு வரி எழுது. இது கணக்குக்காகக் கேட்பது.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ரூட்டரை ஐந்து ஆண்டில் மாற்றிவிடலாம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற முடியாது. விலைப்பட்டியலில் வெறுமனே கேட் 6 என்று கேபிளின் வகை மட்டும் இருக்கிறது. முழுச் செம்பு என்று பில்லில் எழுதித் தரச் சொல். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு போட்ட கேபிள் சந்தையில் நிறைய வருகிறது; வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சாண் வெட்டி வாங்கி, உள்ளே இருக்கும் ஒற்றை இழையைக் கத்தி முனையால் சுரண்டிப் பார். செம்பாக இருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும். கீழே வெள்ளி போல மின்னினால் அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடு. அலுமினியத்தின் மின்தடை செம்பினுடையதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நாலைந்து முறை வளைத்தால் முறிந்துவிடும். ஆக்சஸ் பாயிண்டுக்கும் கேமராவுக்கும் அதே கேபிளில் மின்சாரமும் போகும் என்பதால் சூடாகும் ஆபத்தும் உண்டு. கிகாபிட் ஓடுவதற்கு எட்டு இழைகளும் வேலை செய்ய வேண்டும். ஒன்று முறிந்தால் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும், நீ இன்டர்நெட் கம்பெனிக்குப் புகார் எழுதிக்கொண்டிருப்பாய். மின்சாரக் கம்பி போகும் அதே பைப்பில் இதைச் செருக விடாதே. தனிப் பைப் வைக்கச் சொல். கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

எந்த கம்பெனி ரூட்டர் என்று கேட்டிருந்தாய். பெயரைவிட வேறு மூன்றைப் பார். வாங்கப்போகும் மாடலுக்கு நிறுவனம் இன்னும் ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்து வெளியிடுகிறதா, கடைசியாக எந்த மாதம் வெளியிட்டது என்பதை அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். இரண்டு ஆண்டாக ஒன்றும் வரவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பழுதானால் மாற்றிக் கொடுக்கும் சர்வீஸ் சென்டர் திருப்பூரிலோ கோவையிலோ இருக்கிறதா என்று பார். அடாப்டரில் பிஐஎஸ் தர முத்திரை இருக்கிறதா என்றும் பார். ஃபர்ம்வேரைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. 2016இல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் மிராய் என்ற நச்சு நிரல் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே ஒரு நாள் முடக்கியது. 2018இல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளில் இன்னொன்று புகுந்திருந்தது. அவை பெரும்பாலும் வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் இருந்த ரூட்டர்கள், பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்தவை. உன்னிடம் இருப்பது ஊராருடைய வரிக்கணக்கு. ஆகவே நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்று, பாஸ்வேர்டு கேட்காமலே இணைத்துவிடும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவை, வாடிக்கையாளர்களுக்குத் தனி கெஸ்ட் வைஃபை கொடு, கேமராக்களைக் கணக்குக் கணினிகளோடு ஒரே வலைக்குள் விடாதே.

வைஃபைக்குப் பெயரையும் பாஸ்வேர்டையும் புதிதாக வை. பழைய வீட்டில் இருந்ததையே இங்கும் வைத்தால், அது எந்தெந்தக் கைப்பேசியில் பதிந்திருக்கிறதோ அவை எல்லாம் யாரையும் கேட்காமல் தாமாகவே சேர்ந்துகொள்ளும். வேண்டும் என்றால் நீயே சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். இதை நான் பொதுவாகச் சொல்கிறேன்.

சொந்தமாக அலுவலகம் போட்டு நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறாய் என்பதை நான் யாரிடம் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்கிறாய்? 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லிலிருந்து என்னோடு விருப்ப ஓய்வில் வெளியே வந்த நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறோம். போன கூட்டத்தில் உன் பெயர்ப்பலகைப் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். பால் காய்ச்சியது எப்போது என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாப்பா. வர முடியாவிட்டாலும் இங்கிருந்தே கும்பிட்டிருப்போம்.

ரூட்டரையும் சுவிட்சையும் மூடிய மர அலமாரிக்குள் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய், அது கூடாது. நான் பார்த்த கிராமத்து 128 போர்ட் சி-டாட் தொலைபேசி எக்ஸ்சேஞ்சைக் குளிரூட்டி இல்லாமலே நம் வெயிலைத் தாங்கும்படி வடிவமைத்திருந்தார்கள். இன்றைய ரூட்டர்கள் அப்படி இல்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இரண்டு சித்திரை கண்டால் அடாப்டருக்குள் கெபாசிட்டர் உப்பிவிடும், அதன்பின் காரணமே தெரியாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். மூன்றாவது படத்தில் உள்ள படிக்கட்டு அடியில், சுவரில் திறந்த ரேக்காக மாட்டலாம், இடம் போதும். அந்தப் படத்தை மட்டும் நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும், மாறும் அந்த ஒரு நொடியில் ரூட்டர் அணைந்து எழும். எழுந்து இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆகவே ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் தனியாக வாங்கு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். ஃபைபர் கண்ணாடி, அதில் இடி வராது என்று சொல்வார்கள். கண்ணாடியில் வராதுதான், ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரோடு ஓர் இரும்புத் தாங்குகம்பி வரும், மாடியில் இருக்கும் கேமராவிலிருந்து செம்புக் கேபிள் இறங்கும், மின்சார லைன் இருக்கவே இருக்கிறது. தாங்குகம்பியை வெளியிலேயே வெட்டச் சொல். எர்த் பிட்டின், அதாவது எர்த் குழியின், தடை 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எர்த் என்று எழுதிவிட்டு 2010 ஐப்பசியை எழுதாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு மோடமும் கணினியும் ஒன்றாகக் கருகின. நீ இருபது நாள் உட்கார்ந்து தட்டிய ப்ராஜெக்டும் அதோடு போனது. "பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் அப்பா" என்று மூன்று முறை சொன்னாய். பிடுங்கியிருந்தால் எப்படிக் கருகும் என்று சித்தப்பா வீட்டார் முன்னால் உன்னைக் கத்தினேன். நீ பிடுங்கித்தான் இருந்தாய். இடி மின்சாரத்தில் வரவில்லை, டெலிபோன் லைனில் வந்தது. கம்பத்திலிருந்து வரும் டிராப் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், இடியை மண்ணுக்குத் திருப்பிவிடும் அரெஸ்டர் வைத்திருந்தேன் அல்லவா, தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அதன் எர்த் வயரை நானே கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பச்சை வயர் ஆணியில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் நுனியில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. மாட்டிவிட்டு இறங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் லைன் பார்க்கிறவன் தன் வீட்டில் எர்த்தை விட்டுவிட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நீ பொய் சொன்னதாகவே இருக்கட்டும் என்று இத்தனை ஆண்டும் விட்டுவிட்டேன். அன்றைக்குப் பிறகு நீ எதையும் என்னிடம் மூன்று முறை சொன்னதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரே முறை சொல்லி முடித்துக்கொள்கிறாய். அது என்னால் வந்தது. இனி நீ எதைச் சொன்னாலும், யாரைப் பற்றிச் சொன்னாலும், முதல் தடவையிலேயே நம்புவேன்.

இரண்டாவது இணைப்பு ஒன்றும் எடுத்துக்கொள். வேறு நிறுவனமாக இருப்பது மட்டும் போதாது, வேறு வழியாக வர வேண்டும். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரு லாரி இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். ரூட்டரில் சிம் போட்டு வைத்தால் அவசரத்துக்கு ஆகும்.

வியாழக்கிழமை கோவை போகும் ரயிலில் நான் வருகிறேன். கிரிம்பிங் டூலும் மீட்டரும் எடுத்து வருகிறேன், எர்த் டெஸ்டர் நண்பரிடம் கேட்டிருக்கிறேன். மேலே எத்தனை பேர் என்று நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பாயிண்டுக்குக் கேபிள் இழுத்து வைத்துவிடுகிறேன், ஒன்று போதும் என்றால் மற்றதற்கு மூடி போட்டுவிடலாம். நான் வருவதற்குள், படிக்கட்டு அடியில் செய்தித்தாள் சுற்றி வைத்திருக்கிறாயே, நாங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த குத்துவிளக்கு, அதை மேலே எடுத்து வைத்துவிடு. ரேக்குக்குத் துளை போடும்போது சிமெண்டுத் தூசி அதன்மேல்தான் இறங்கும்.

அன்புடன்,
அப்பா