முதலில் கம்பி பிடிக்கப் பழக்குங்கள்

ஆசிரியருக்கு,

ஆர்க்டிக்கில் இளநிலை மாணவர்கள் மேற்கொள்ளும் கள ஆய்வு பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். அலாஸ்காவின் யூகான்-குஸ்கோக்விம் கழிமுகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் போலாரிஸ் திட்டம், அவரவர் கேள்வியை அவரவரே ஆராய இடம் தருவது பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும் கேள்விக்கு முன்பே கைவர வேண்டியது அளக்கும் பழக்கம்.

ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணுக்கு மேல் கோடையில் உருகும் அடுக்கின் ஆழத்தை, சென்டிமீட்டர் குறியிட்ட எஃகுக் கம்பியை மண்ணில் செருகி அளக்கிறார்கள். 100 மீட்டர் சதுரத்தில் 10 மீட்டருக்கு ஒன்றாக 121 புள்ளிகள் என்பது வழக்கமான கட்டம். கல் கலந்த தரையில் புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை, கம்பி கல்லில் முட்டி நிற்பதை உறைமண் என்று குறித்துவிடுவது. கல்லில் பட்டால் 'டிங்' என்று கூர்மையாக ஒலித்துக் கை அதிரும். உறைமண்ணில் ஓசை மந்தமாக இருக்கும். ஐயம் எழுந்தால் ஒரு சாண் தள்ளிக் குத்திப் பார்க்க வேண்டும். தரையைப் போர்த்தியிருக்கும் பாசியை மிதித்துக்கொண்டு அளந்தால் மேற்பரப்பு அமுங்கி ஆழம் குறைவாகத் தெரியும். ஒரே தடத்தில் தொடர்ந்து நடந்தாலோ பாசிப் போர்வை சிதைந்து, பின்வரும் கோடைகளில் அங்கே உருகல் கூடிவிடும். நீண்டகாலப் பதிவுக்கே அது கேடு.

எனவே முதல் நாளில் அனுபவசாலி ஒருவரும் மாணவரும் அதே 10 புள்ளிகளை, மற்றவர் குறிப்பைப் பாராமல், தனித்தனியே அளந்து ஒப்பிடட்டும். வேறுபாடு குறைந்த பிறகே கட்டத்தை மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் 'கல்லாக இருக்கலாம்' என்று ஒரு நெடுவரிசையும் சேர்க்கலாம்.