குமாருக்கு, 56 ஏ.பி.ஓ.

அன்புள்ள குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். வாட்ஸ்ஆப்பில் போட்டால் நீலக்கோடு மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை, அதனால் பழையபடி தாளில் எழுதி 56 ஏ.பி.ஓ. என்ற உன் ராணுவத் தபால் முகவரிக்கே அனுப்புகிறேன். அங்கே சிக்னல் கிடைக்காது என்று அம்மாவிடம் நானே சொல்லிச் சமாளிக்கிறேன். அக்காவிடம் மட்டும் பேசினாயாமே, சந்தோஷம்தான். குளிருக்கு இரண்டு சாக்ஸாகப் போட்டுக்கொள்.

குடியரசு தினத்துக்கு நம் பழைய பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘மேஜரின் தந்தை’ என்று போட்டிருந்தார்கள், எடுத்து வைத்திருக்கிறேன். என்ன பேசியிருப்பேன் என்று உனக்கே தெரியும், போர்க்கள வீரத்துக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவும் அதை வாங்கிய 21 பேரும்தான். 1950 ஜனவரி 26-ல் ஏற்படுத்தியது, சுவிட்சர்லாந்தில் பிறந்து நம் ராணுவ அதிகாரியைக் கட்டிக்கொண்ட சாவித்திரி கானோல்கர் வடிவமைத்தது, ததீசி முனிவரின் எலும்பில் செய்த வஜ்ராயுதம் நாலு பக்கமும், நடுவில் அரசு முத்திரை, சின்ன வெண்கல வட்டம், ஊதா நாடா. அப்புறம் நீ படித்த பரங்கிமலை ராணுவ அதிகாரிப் பயிற்சிப் பள்ளியிலிருந்தே 1972-ல் அதிகாரியாக வெளியே வந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கியவர். அது 1987 நவம்பர், யாழ்ப்பாணம். எந்த மண்ணில், யாரோடு நடந்த சண்டை என்ற இடம் வந்ததும் வழக்கம்போல வேகமாகக் கடந்துவிட்டேன். நம்மூரில் அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காபியை வைத்துவிட்டு, ‘அந்த 21 பேரில் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்?’ என்று கேட்டாள். ஏழு பேர் என்றேன். மற்ற 14 பேருக்கும் போன பிறகுதான் கொடுத்தார்கள். முப்பது வருஷமாக நான் வகுப்பில் 21 என்றுதான் சொல்லியிருக்கிறேன், இந்த 14-ஐ வாயால் சொன்னதில்லை. பேச்சை மாற்றலாமென்று யோகேந்திர சிங் யாதவ் கதையைச் சொன்னேன். கார்கில் போரில், டைகர் ஹில்லில் 19 வயதில் அத்தனை குண்டு வாங்கியவர், இறந்துவிட்டார் என்றே விருதை அறிவித்தார்கள், பார்த்தால் ஆள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார். நல்ல முடிவுதானே என்று சொன்னால் அவள், ‘அந்த அறிவிப்பை அவனைப் பெற்றவள் கேட்டிருந்தால்?’ என்று உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து போன் அடித்தால் அவள் எடுப்பதில்லை, என்னைத்தான் எடுக்கச் சொல்கிறாள். அதனால் ஒரு வார்த்தை பேசு. சாக்ஸ் விஷயம் மறக்காதே.

சரி, தீபாவளிக்கு மொட்டை மாடியில் நடந்ததற்கு வருகிறேன். பத்து வருஷப் பணிக்காலம் முடிகிறது, நீட்டிப்புக் கேட்காமல் பட்டாளத்தை விட்டு வந்துவிடட்டுமா அப்பா என்று கேட்டாய். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பரம்வீர் சக்ரா வாங்கிய அருண் கேத்தர்பால் 21 வயசுப் பையன், எரிகிற டாங்கியை விட்டு இறங்கினானா என்று கேட்டேன். நீ டார்ச்சை அணைத்துவிட்டுக் கீழே போனாய், மறுநாள் விடியற்காலை ரயில்.

அந்தக் கதையை உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். 1971 டிசம்பர் 16, பாகிஸ்தானோடு நடந்த பசந்தர் சண்டை, பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, இறங்க மாட்டேன் என்று ரேடியோவில் சொன்னான், அதோடு நிறுத்திவிடுவேன். அவனுக்கும் ஒரு அப்பா இருந்தார். ரிட்டையர்டு பிரிகேடியர். 2001-ல், 81 வயதில், பிறந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அங்கே அவரைத் தங்கவைத்து அப்படி உபசரித்த பிரிகேடியர் நாசர், கிளம்புவதற்கு முந்தின இரவு, உங்கள் மகன் என் கையால்தான் செத்தான் என்று சொல்லியிருக்கிறார். மகன் போய் முப்பது வருஷம். அந்த வீட்டில் அந்தக் கிழவர் அன்றிரவு தூங்கியிருப்பாரா? இந்தப் பாதியைப் படித்துப் பல வருஷமாகிறது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, குமார். 1983-ல் வேலூரில் ஆள் எடுத்தபோது, தட்டைப் பாதம் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது பொய். ஓட்டத்தில் தேறினேன், மார்பளவு தேறினேன். மருத்துவச் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற பையன் தன் அப்பா ஒரு காலை இழந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். தாத்தா தன் பட்டாளப் பெட்டியை எனக்காகத் துடைத்து வைத்திருந்தார். பாதத்தைக் காட்டு என்று அவர் கேட்கவே இல்லை, அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் உன் படிக்கிற மேசைக்கு மேலே 21 படத்தையும் ஒட்டினேன், உன்னை மாடியில் வைத்து அப்படிக் கேட்டேன்.

நீட்டிப்புத் தாளில் நீ என்ன எழுதினாலும் எனக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, என்னிடம் பேச வேண்டாம், அம்மாவிடம் பேசு. பாத விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. நாற்பது வருஷமாக ராத்திரி அதற்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், நானே ஒருநாள் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா