‘தா’வுக்கு ஒரு பொருள் மட்டுமல்ல

ஆசிரியருக்கு,

பயணச் சொற்பட்டியல்களில் இத்தாலிய மொழியின் ‘தா’ (da) என்ற சொல்லுக்கு ‘இருந்து’ என்ற பொருளை மட்டும் தருகிறார்கள். இது போதாது.

பலெர்மோ புகையிரத நிலைய அறிவிப்பில் ‘தா மெசினா’ என்றால் மெசினாவிலிருந்து வருவது. ‘பெர் மெசினா’ என்றால்தான் அங்கே போவது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி, மெசினா என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு மேடையில் நின்றுவிட்டார். எங்கள் புகையிரதம் போய்விட்டது. எழுபது வயதில் அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

இதே ‘தா’, ஆளைக் குறிக்கையில் திசை மாறிவிடும்: ‘வாதோ தல் மேதிகோ’ என்றால் வைத்தியரிடம் போகிறேன் (‘தல்’ என்பது ‘தா’வின் இன்னொரு வடிவம்). வினையோடு வந்தால் இன்னொரு பொருள்: ‘குவால்கோசா தா பேரே’, குடிக்க ஏதாவது.

தயவுசெய்து முழு வாக்கியங்களாக அச்சிடுங்கள். முதலில் இதை: ‘தா குவாலே பினாரியோ பார்த்தே?’ எந்த மேடையிலிருந்து புறப்படுகிறது?

வாசகி, பலெர்மோ, இத்தாலி