புலப்படத்தில் காணாமல் போன 9 செண்ட்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் புலப்பட (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் சர்வே வரைபடம்) நகலும் கிடைத்தன. பட்டாவில் 0.25.10, அதாவது 25.10 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), 62 செண்ட். ஸ்கேல் வைத்து அளந்தால் 53தான் வருகிறது என்று பதறியிருக்கிறாய். நிலம் எங்கும் போகவில்லை.

அளவு 1:2000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 20 மீட்டர். பரப்புக்கு அந்த 20ஐ இருமுறை பெருக்க வேண்டும்: 1 சதுர செ.மீ. என்பது 400 சதுர மீட்டர், 4 ஏர். பலரும் சறுக்கும் இந்த இடத்தில் நீ சறுக்கவில்லை. உன்னை ஏமாற்றியது பிரிண்ட். நிலத்தை இரண்டு முக்கோணமாகப் பிரித்துக் குறுக்கே போகும் கோடான ஜி லைனில் 84 என்று மீட்டரில் எழுதியிருக்கிறது பார், அது 4.2 செ.மீ. இருக்க வேண்டும். நீ அனுப்பிய நகலில் 3.95தான் இருக்கிறது. ஏ4 தாளில் அடங்க மிஷின் சுருக்கிவிட்டது. நீளத்தில் 6 சதவீதம் போனால் பரப்பில் ஏறக்குறைய 12 சதவீதம் போகும். 7 செண்ட் அங்கே போயிற்று.

ஸ்கேலை ஓரமாக வை. எழுதியிருக்கும் மீட்டரையே எடுத்துக்கொள். ஜி லைன் 84, அதற்கு இருபுறமும் செங்குத்து 32, 26. 84இல் பாதி 42ஐ, இரண்டு செங்குத்தும் சேர்ந்த 58ஆல் பெருக்கினால் 2436 சதுர மீட்டர். செங்குத்தைத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் 40 என்றிருக்கும் சாய்ந்த வரப்பை உயரமாக எடுத்தால் 8 செண்ட் கூடிவிடும்.

மீதி 2 செண்ட் அந்த 40 மீட்டர் வரப்பில் இருக்கிறது. ஓடைப் பக்கம் கரை வெளியே பிதுங்கியிருப்பதை நேர்கோடாக நினைத்து விட்டுவிட்டாய். 10 மீட்டருக்கு ஒன்றாக 2.0, 3.0, 2.2 என்று ஆஃப்செட் (நேர்கோட்டிலிருந்து கரை வரையுள்ள செங்குத்துத் தூரம்) போட்டிருக்கிறார்கள். கூட்டினால் 7.2, பத்தால் பெருக்கினால் 72. மொத்தம் 2508. ஒரு செண்டுக்கு 40.47 என்று வகுத்துப் பார், 62 வந்துவிடும்.

படத்தை மறுபடி எடுப்பதானால் கடையில் 100 சதவீத அளவிலேயே பிரிண்ட் போடச் சொல். அப்போதும் ஸ்கேலில் அரை மி.மீ. பிசகினால் தரையில் 1 மீட்டர். செங்குத்தில் அது நேர்ந்தால் ஒரு செண்ட் போய்விடும். அதனால் வேலிக்கால் நட இந்தக் கணக்கு போதாது. சர்வேயரை வைத்து அளந்துவிடு. அதற்கு முன் ஓடைப் பக்கத்து இரண்டு மூலைக் கற்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
சண்முகம்